தனம், நாளைக்குக் காலையில் எனக்கு ஆபரேஷன்

என் ஆசைத் தனத்துக்கு,

நாலு பேர் முன்னால் நீ எனக்குச் சம்பந்தியம்மா. வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடுங்க. வயலில் இறங்கிவிட்டால் வாடி, போடி. இந்தக் கடுதாசியை வயல் பேச்சிலேயே எழுதுகிறேன். நீ போனதற்கப்புறம் என்னை வாடி போடி என்று கூப்பிட ஊரில் ஆளில்லை. எல்லாருக்கும் நான் பெரியம்மா, ஆயா, அம்மாச்சி ஆகிவிட்டேன்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிப் பழக்கமில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். யாழினி இதைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, நான் சொன்னதைத் திருத்தாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இங்கே என்னைப் போலக் காத்திருக்கிற பொம்பளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படிக்கட்டும். உனக்குத்தான் எழுதுகிறேன், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

சேதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது மார்பில் கட்டி. புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்குக் காலையில் அந்த மார்பை எடுக்கப் போகிறார்கள். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே இன்னும் வெயில் இருக்கிறது. சாயங்காலச் சாப்பாடு சீக்கிரமே கொடுத்துவிட்டார்கள். மூன்று இட்லி, உப்பில்லாத சாம்பார். நீயாக இருந்தால் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பாய்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பாய். நம்ம பேத்தியால்தான். யாழினி ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குச் சேர்ந்தது நீ இருக்கும்போதுதானே. "எங்க வீட்டுப் புள்ள டாக்டரு" என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னாயே. அவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டதற்கு, "முதல்ல மாட்டைப் பார்க்கும், அப்புறம் உங்களைப் பார்க்கும்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நீ சொன்னது பலித்துவிட்டது, தனம். முதலில் மாட்டைப் பார்த்தாள். அப்புறம் நான்.

கோடை லீவில் வந்தவள் நம்ம செவலைப் பசுவின் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள். "அம்மாச்சி, கறக்கறதுக்கு முன்னாடி மடியை நாலு பக்கமும் இப்படி விரலால அமுக்கிப் பாரு. உள்ளே கல்லு மாதிரி எதாச்சும் தட்டுப்பட்டா உடனே எனக்குப் போன் பண்ணு. மாடு உதைக்கலை, வலிக்கலை போலன்னு விட்டுடாதே." நானும் தினமும் அப்படிப் பார்த்தேன். ஒரு நாள் குளிக்கும்போது, சோப்புப் போடப் போன கை பழக்கத்தில் என் மேலேயே அப்படி அமுக்கிப் பார்த்துவிட்டது. கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அமுக்கினால் நகரவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே என் புத்தி. நடவில் என் பங்கில் அடுத்தவள் ஒரு முடி நாற்று நட்டுக் கொடுக்க விட்டிருக்கிறேனா? காய்ச்சலோடு நின்றபோதுகூட விடவில்லை. இதையும் என் பங்கு என்று வைத்துக்கொண்டேன். வலியும் இல்லை. குறுவை களையெடுப்பு வந்தது, உரம் போட்டோம், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டோம். நாள் போய்விட்டது.

அடுத்த லீவில் யாழினி வந்து தலைக்கு எண்ணெய் வைத்துவிடு என்று என் மடியில் சாய்ந்தாள். அப்போதுதான் ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல், "ஏங்கண்ணு, மாட்டுக்கு வர்ற அந்தக் கட்டி மனுசருக்கும் வருமா?" என்று கேட்டேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எண்ணெய்த் தலையோடு எழுந்து கதவைச் சாத்தினாள். கையை வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"செவலைக்கு மடி லேசா வீங்குனாப் போதும், மூணு தடவை போன் பண்ணுவே. உனக்குன்னா ஒரு போகம் மறைச்சு வச்சிருக்கே. நான் என்ன டாக்டருக்குப் படிச்சு என்ன?" என்று திட்டினாள். அப்படியே உன் குரல். உன் வீட்டு ரத்தம் எங்கே போகும்? திட்டி முடித்துவிட்டு அழுதாள். மறுநாளே தஞ்சாவூர்.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்னப் பொண்ணு. என்னை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாள். நல்ல நேரத்தில் வந்திருக்கீங்க, எடுத்துட்டால் பொழைச்சுக்குவீங்க, விட்டால் பரவும் என்றாள். உன் மருமகள் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் மகன் முருகேசன் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். மாமியாருக்கு மார்பில் கட்டி என்றால் மாப்பிள்ளை என்ன கேட்பான், பாவம்! சின்ன வயதில் மூக்கைச் சிந்திவிட்ட பிள்ளையை, வாங்க மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டிய தலையெழுத்து எனக்கு. இறங்கிப் போய் ஓர் இளநீர் வாங்கி வந்து என் முன்னால் நீட்டினான். "அத்தை, அம்மா இருந்திருந்தா உங்களை அடிச்சிருக்கும்" என்றான். அவ்வளவுதான் பேசினான். அதைவிட என்ன பேச வேண்டும்?

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் முடித்துப் பிழைத்த பொம்பளைகள் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஒவ்வொருத்தி பக்கத்திலும் முடித்தவள் ஒருத்தி உட்காருகிறாள். நடவில் புது ஆளைத் தனியாக விட மாட்டோமே, இரண்டு பக்கமும் கை பழகினவள் நிற்பாளே, அதுபோல. மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது, வெறும் பேச்சுத்தான்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நாகப்பட்டினம் மும்தாஜ். புருஷன் சவுதியில். வளையல், பாசிமணி, தையல் சாமான் விற்கிற கடையை இவள்தான் பார்க்கிறாள். கறுப்பு அங்கி, மூக்குக் கண்ணாடி, சிரித்த முகம். எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ தெரியாதவளிடம் என் உடம்பைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும்?

"நீங்க நர்ஸா?" என்றேன்.

"இல்லக்கா. உங்களை மாதிரிதான் இந்த பெஞ்சுல பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"நான் ஒன்னும் பயப்படலை."

"அப்ப சரி, நான் பயப்படுறேன், நீங்க எனக்குத் தைரியம் சொல்லுங்க" என்றாள். சுற்றிலும் பார்த்தாள். ஆம்பளை யாரும் இல்லை. அங்கியை விலக்கி ரவிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு பக்கம் எடுத்தாச்சு. எந்தப் பக்கம்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

நான் பார்க்க மாட்டேன் என்றுதான் நினைத்தேன். கண்ணு கேட்குமா? இப்படிப் பார்த்து அப்படிப் பார்த்து, "வலது" என்றேன்.

"தோத்துட்டீங்க" என்று கைதட்டினாள்.

உள்ளே துணிப்பொட்டணம் வைத்துத் தைத்துக்கொள்கிறார்களாம். பஞ்சு மட்டும் போதாது. கனம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ரவிக்கை மேலே ஏறிக்கொள்ளுமாம். கனத்துக்குக் கடையிலிருந்து கண்ணாடி மணி போட்டு மும்தாஜே எல்லாருக்கும் தைத்துக் கொடுக்கிறாள். "மணி போட ஆரம்பிச்சதே இவளாலதான்" என்று எதிர் பெஞ்சில் இருந்த மல்லிகாவைக் காட்டினாள்.

மல்லிகா நம்மைப் போல நடவுக்குப் போகிறவள், ஒரத்தநாட்டுப் பக்கம். அவள் சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். "வெயிட்டுக்கு என்ன போடுறதுன்னு தெரியலைக்கா. வீட்ல பச்சைப்பயறு கெடந்துச்சு. பஞ்சுக்குள்ள ரெண்டு கை அள்ளிப்போட்டுத் தச்சுட்டேன். ஜோராத்தான் இருந்துச்சு. தாளடி நடவு வந்துச்சு, விடாத மழை. நாளு முழுக்க நனைஞ்சுக்கிட்டே நட்டோம். அதைக் காயவைக்கணும்னு தோணலை, ஈரத்தோடயே மறுநாளும் வச்சுக்கிட்டுப் போயிட்டேன். அடுத்த நாளு உள்ள என்னமோ குறுகுறுங்குது. வரப்புல ஏறி ஒதுங்கிப் பார்த்தா எல்லாம் மொளைச்சு வால் விட்டு நிக்குது!"

"உன் வீட்டுக்காரரு என்ன சொன்னாரு, அதைச் சொல்லு" என்றாள் மும்தாஜ்.

"'அறுப்பு எப்போ?'ன்னு கேட்டாரு, பாழாப்போன மனுசன்."

தனம், அந்த பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். மார்பு எடுத்தவளும் சிரித்தாள், எடுக்கப் போகிறவளும் சிரித்தாள். மூச்சு முட்டிப் போய் எனக்குக் கண்ணில் தண்ணீர். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும், "அளவுக்கு ஒரு ரவிக்கை குடுத்து வைங்கக்கா, உங்களுக்கும் தச்சு வைக்கிறேன்" என்று மும்தாஜ் கேட்டபோது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கொடுத்தால் ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு.

அப்புறமும் அவள் விடவில்லை. போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னைத் தயார்படுத்தினாள். புகையிலையை விடச் சொன்னாள், விட்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். முன்பக்கம் ஊக்கு வைத்த தொளதொள ரவிக்கை தைக்கச் சொன்னாள், ஆபரேஷன் ஆன பிறகு கையைத் தூக்க வராதாம். சுவரில் விரலை நண்டு மாதிரி நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுகிற பயிற்சியை இப்போதே பழகச் சொன்னாள். கூடத்துச் சுவரில் நான் நண்டு விட்டதைப் பார்த்துப் பூனை பயந்து ஓடியது.

இவ்வளவும் செய்துவிட்டு, நான் ஒரு காரியம் பண்ணினேன். இதை நீ ஒருத்திதான் புரிந்துகொள்வாய்.

முதலில் வேறொரு தேதி குறித்திருந்தார்கள். அந்த ஆபரேஷனுக்கு முதல் நாள் வந்து படுத்தேன். நர்ஸ் வந்து, ராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது ஆயா, வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி என்றேன். செல்வியிடம் சொல்லி வீட்டிலிருந்து ஒரு தூக்கில் தண்ணீர் ஊற்றின சோறு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். விடிந்ததும், அவள் குளிக்கப் போன நேரத்தில், சோற்றை ஒதுக்கிவிட்டு நீராகாரத்தை மட்டும் உப்புப் போட்டு ஒரு லோட்டா குடித்தேன். தெம்பாக இருக்க வேண்டாமா?

சொல்லு, நாம் என்ன பழகியிருக்கிறோம்? விடியக்காலையில் ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டு வயலில் இறங்குவோம். சோறு வர நேரமானால் என்ன கத்துவோம்? காலையிலேர்ந்து ஒன்னும் சாப்பிடலை, வெறும் வயித்தோட நிக்கிறோம் என்றுதானே? நீராகாரத்தை என்றைக்கு நாம் சாப்பாட்டில் சேர்த்தோம்?

மயக்க ஊசி போடுகிற டாக்டர் வந்து, "பாட்டிம்மா, எதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒன்னும் இல்லைங்க. வெறும் வயிறுதான். ஒரு லோட்டா நீராகாரம்."

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அதுல பருக்கை இருந்துச்சா?"

"ஒன்னு ரெண்டு இருந்திருக்கும். நான் என்ன வடிகட்டியா வச்சுக் குடிச்சேன்?"

அவள் கோபப்படவில்லை. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னாள். இன்றைக்கு வேண்டாம், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாள். தள்ளுவண்டியில் ஏறிப் படுத்திருந்தவளை இறக்கிக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். பச்சை உடுப்பைக் கழற்றிவிட்டுப் புடவை கட்டிக்கொண்டபோது பக்கத்துக் கட்டில்காரி, "என்னாச்சு, அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?" என்று கேட்டாள். எனக்கு வந்த அவமானத்தில் தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். செல்வி என்னோடு பேசவில்லை. தூக்கைக் கழுவக்கூட இல்லை, அப்படியே பையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் தம்பி வந்தான். "தடங்கல் ஆயிடுச்சுல்ல, அப்ப வேணாங்கா. சாமியே நிப்பாட்டியிருக்கு" என்றான். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது இனித்தது. சாமி நிப்பாட்டினதாக நான் நம்பவில்லை. நிப்பாட்டினது ஒரு லோட்டா நீராகாரம்தான். ஆனால் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். குறுவை அறுப்பு முடியட்டும், சம்பா நாற்றங்கால் விட்டுட்டு வருகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். "அறுப்புக்காக அந்தக் கட்டி காத்துக்கிட்டு இருக்குமா அம்மாச்சி?" என்று யாழினி போனில் கேட்டாள். போனை வைத்துவிட்டேன். மும்தாஜ் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து புதுத் தேதி சொன்னார்கள். போகப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

அறுப்பு மிஷின் நம்ம வயலில் இறங்கின அன்று மத்தியானம், வாசலில் கறுப்பு அங்கியோடு ஓர் ஆள். இரண்டு பஸ் மாறி, மெயின் ரோட்டிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. ரவையும் நெய்யுமாக ஓர் இனிப்பு, தம்ரூட் என்றாள். உள்ளே கூப்பிடாமல் எப்படி இருப்பது? சோறு போட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். சாப்பிட்டாள். ஆபரேஷன் என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை. செவலையைப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், மிஷின் எவ்வளவு நேரத்தில் அறுக்கும் என்று கேட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எதுக்கு வந்தே? திட்டத்தானே வந்தே, திட்டிட்டுப் போ."

"சோறு போட்டவங்களை யாராச்சும் திட்டுவாங்களாக்கா? ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போறேன். எதுக்கு பயம்?"

சாவுக்கு இல்லை என்றேன். அது நிஜம். நீ போனபிறகு எனக்குச் சாவு அவ்வளவு அந்நியமாக இல்லை. அப்புறம் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? செல்வியிடம் சொல்லாதது, யாழினியிடம் சொல்லாதது.

"என்னைக்கோ ஒரு நாள் செத்துத்தான் ஆகணும். அன்னைக்கு என்னைக் குளிப்பாட்டுவாளுங்கல்ல. அத்தனை பொம்பளையும் நின்னு பார்ப்பாளுங்க. ஒரு பக்கம் மொட்டையாக் கெடக்கறதப் பார்த்துட்டு ஊர் பூராவும் பேசுவாளுங்க. இத்தனை நாளு நிமிந்து நடந்தவ, எழுந்து சேலையை இழுத்து மூடக்கூட முடியாம கெடப்பேன்."

மும்தாஜ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா, எங்க தெருவுல பொம்பளைங்க மவுத்தானா குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுவாங்க. பத்து வருஷமாப் போறேன். தழும்பு இல்லாத உடம்பு ஒன்னுகூட நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்றாள்.

அவள் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். சிசேரியன் தழும்பு இருக்கும், அடுப்பில் சுட்டது இருக்கும். பெரிய வீட்டு அம்மா ஒருத்திக்கு முதுகு பூராவும் பழைய பிரம்படித் தழும்பு, அறுபது வருஷம் யாருக்கும் தெரியாது. "குளிப்பாட்டுறவங்க பார்க்கத்தான் செய்வோம். பார்த்துட்டு மூடிருவோம். வெளிய வந்து சொன்னா அது எங்களுக்குப் பாவம். உங்க ஊர்ல எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்க யாரையாச்சும் குளிப்பாட்டியிருக்கீங்களா?"

உன்னைத்தான் சொன்னேன், தனம்.

உன்னைக் குளிப்பாட்டினவள் நான்தானே. நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினதும் நான், மஞ்சள் தேய்த்ததும் நான். உன் கெண்டைக்காலில் அரிவாள் வெட்டு இருந்தது, அது நாம் சேர்ந்து அறுத்த காலத்தது. அடிவயிற்றில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தழும்பு, அது எல்லாருக்கும் உள்ளது. இடது விலாவில் ஒன்று இருந்தது, நீளமாக. உன்னோடு இத்தனை வருஷம் பழகியும் அதை நான் பார்த்ததில்லை, நீ சொன்னதும் இல்லை. அது என்ன தனம்? யார் செய்தது? இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது? அதன் மேல் கொஞ்சம் அதிகமாக மஞ்சள் பூசிவிட்டு மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. மும்தாஜ் கேட்கிற வரைக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அன்றைக்கு நின்ற பொம்பளைகளில் ஒருத்தியும் இதுவரைக்கும் பேசியதில்லை.

இதையெல்லாம் மும்தாஜிடம் சொல்லி முடித்தபோது எனக்கே என் பயம் கேட்டுவிட்டது, எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று. அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

"இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு ரவிக்கை எடுத்து வந்து கொடுத்தேன்.

விரித்துப் பார்த்தாள். "அக்குள் கிழிஞ்சதைக் குடுக்கிறீங்களே, அளவு எப்படி வரும்? நல்லதாக் குடுங்கக்கா. யாழினி பட்டம் வாங்குற அன்னைக்குப் போட்டுக்கற மாதிரி."

அரக்குக் கலர் பட்டு ரவிக்கை, செல்வி கல்யாணத்துக்குத் தைத்தது, அதைக் கொடுத்தேன். உனக்கும் அதே துணியில்தானே எடுத்தோம். பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு போனாள். மெயின் ரோடு வரைக்கும் கூட நடந்துபோய் பஸ் ஏற்றிவிட்டேன்.

அப்படித்தான் இன்றைக்கு மறுபடி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தடவை சோற்றுத் தூக்கு கொண்டுவரவில்லை. செல்வி என் பையை வாங்கிக் கொட்டிச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள், ஏர்போர்ட் மாதிரி. மும்தாஜ் கடையை மைத்துனர் மகளிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். துணைக்குப் படுக்க ஒருத்தியைத்தான் விடுவார்களாம். நர்ஸிடம் பேசி, தாழ்வாரத்தில் பாய் போட்டுக்கொள்ள இடம் வாங்கிவிட்டாள். எனக்கு இட்லி வந்தபோது அவளும் என்னோடு சாப்பிட்டாள். "இனிமே நானும் ஒன்னும் தொட மாட்டேன். நாளைக்கு உங்களை உள்ளே கூட்டிட்டுப் போனதும் போய் டீ குடிச்சுக்கிறேன்" என்றாள்.

"எனக்குத்தான் ஆபரேஷன். நீ எதுக்குடி பட்டினி கெடக்கறே?"

"எங்களுக்கு நோன்பு பழக்கந்தானேக்கா. அதோட, உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்லை. நான் தின்னா நீங்களும் எதையாச்சும் தேடிப் போயிடுவீங்க."

கூடப் பட்டினி கிடக்க ஆள் இருந்தால் பசி குறையுமா, தனம்? குறையாது என்றுதான் நினைத்தேன். இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

யாழினி காலையில் முதல் பஸ்ஸில் வருகிறாள். வராதே, படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன். "நாளைக்கு ஒரு எருமைக்கு வயித்தைக் கிழிச்சுக் கன்னு எடுக்கப் போறாங்க அம்மாச்சி. நான் பக்கத்துல நிக்க வேண்டியது. அதையே உனக்காக விட்டுட்டு வர்றேன், தெரிஞ்சுக்கோ" என்றாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் உடனே சொன்னேன், எங்க வீட்டுப் பொண்ணு எருமைக்கே ஆபரேஷன் பண்றவ என்று. நிற்கத்தான் போகிறாள், பண்ணப் போவதில்லை. இருக்கட்டுமே. நீ இருந்தால் யானை என்று சொல்லியிருப்பாய்.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு வாய்க்கால் கரையில் உட்கார்ந்தபோது உனக்குப் பயமாக இருந்ததா? இருந்திருக்க நேரமே இல்லை என்கிறார்கள். உனக்குக் காத்திருப்பே இல்லாமல் போய்விட்டது. எனக்குக் காத்திருப்பு மட்டும்தான், நாள் கணக்காக. எது நல்லது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. என் பக்கம் சொல்கிறேன். காத்திருந்ததால்தான் ஆள் வந்து பக்கத்தில் உட்கார முடிந்தது. உன் பக்கத்தில் உட்கார யாருக்கும் நேரம் கிடைக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது.

வெளிச்சம் குறைந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. நர்ஸ் வேறு பார்த்துவிட்டுப் போனாள். முடித்துக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நாளைக்குக் காலையில் அஞ்சலை என்று கூப்பிட்டதும் யாரும் என்னைப் பிடித்து எழுப்ப வேண்டியிருக்காது, நானே எழுந்து போவேன். மயக்கத்தில் நீ வந்து கூப்பிட்டாலும் உன்னோடு வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளை பட்டம் வாங்குகிற அன்றைக்கு, அதைப் பெற்றவர்களுக்குப் பின்னால், அப்பாயி அம்மாச்சி இரண்டு பேரில் ஒருத்தியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். நீ முந்திக்கொண்டாய். அதனால் அந்த நாற்காலி என்னுடையது. உன் பங்குக்கும் சேர்த்து நானே கைதட்டிவிட்டு வருகிறேன்.

உன் பேத்தியின் அம்மாச்சி,
உன் வயற்காட்டுச் சம்பந்தி,
அஞ்சலை